எரியூட்டி ஐந்து வாரம் கழித்து வந்த அழைப்பு: ‘மூளை எங்களிடம் இருக்கிறது, என்ன செய்யலாம்?’

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. இரண்டு வருடமாக நடையில் தடுமாற்றம், அடிக்கடி பின்பக்கமாக விழுவது, பிறகு மறதி, பேச்சுக் குழறல். என்ன நோய் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் நிமோனியா வந்து மருத்துவமனையிலேயே இறந்துவிட்டார். “போஸ்ட்மார்ட்டம் செய்தால் நோய் தெரியும், பிள்ளைகளான உங்களுக்கும் உதவும்” என்று நரம்பியல் மருத்துவர் கேட்டுக்கொண்டதால் அண்ணன் கையெழுத்துப் போட்டார். மறுநாளே உடலைக் கொடுத்தார்கள், எரியூட்டிவிட்டோம். ஐந்து வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து அழைப்பு. “மூளை ஆய்வு முடிந்தது. மீதியை என்ன செய்யலாம்? 22 பிளாக், 70 ஸ்லைடு இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தச் சம்மதமா?” என்றார்கள். தூக்கிவாரிப்போட்டது. படிவத்தில் என்ன இருந்தது என்று அண்ணனுக்கு நினைவே இல்லை. எங்களிடம் இருக்கும் பக்கத்தின் நகலில் மூன்று கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. “எல்லாவற்றையும் திருப்பி வாங்கு, விற்றுவிடுவார்கள்” என்கிறார் சித்தப்பா. மூளையை எங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்தது சரியா? இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒரு காரியம். மருத்துவமனை கேட்டவற்றுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிடாதீர்கள். அவசரம் எதுவும் இல்லை. ஃபார்மலின் என்ற, திசுவைக் கெடாமல் காக்கும் திரவத்தில் பதப்பட்ட மூளை அடுத்த மாதமும் அப்படியே இருக்கும். மெழுகில் பதிந்த திசு முப்பது வருடம் கழித்தும் இருக்கும். இதில் திரும்பப் பெற முடியாத செயல் ஒன்றே ஒன்றுதான், அகற்றிவிடுவது. அதனால் இன்றே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: “குடும்பத்தின் முடிவு எழுத்தில் வரும்வரை உறுப்பு, திசு எதையும் அகற்றவோ, வேறிடம் அனுப்பவோ, ஆராய்ச்சிக்கு எடுக்கவோ வேண்டாம். நாங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் எல்லாப் பக்கங்களின் நகலையும், நீங்கள் வைத்திருப்பவற்றின் பட்டியலையும் அனுப்புங்கள்.” அண்ணன் கையெழுத்துப் போதும். அப்பாவின் பெயர், மருத்துவமனைப் பதிவு எண், பிரேதப் பரிசோதனை எண் மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவது எண் உங்களிடம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஆய்வகத்தில் பிளாக் எனப்படும் மெழுகுக் கட்டியின் மேலும் ஸ்லைடு எனப்படும் கண்ணாடித் தகட்டின் மேலும் பொதுவாகப் பெயர் இருக்காது, அந்த எண்தான் இருக்கும்.

பட்டியலில் உறுப்பு, பிளாக், ஸ்லைடு தவிர, உறையவைத்த திசு, ரத்தம், மூளைத் தண்டுவட நீர், புகைப்படங்கள் ஆகியவையும் உண்டா இல்லையா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘திசு மாதிரிகள்’ என்று ஒரே சொல்லில் வரும் பதிலை ஏற்காதீர்கள். உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் பாதி, மூன்று வேறு பொருள்களை ஒரே பொருளாக நினைப்பதால் வருவது.

ஒன்று, உறுப்பு. வயது வந்தவரின் மூளை ஏறக்குறைய 1,200 முதல் 1,400 கிராம். தொலைபேசியில் ‘மீதி’ என்றார்களே, அது இதுதான். சிறு துண்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஆய்வுக்காக ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக அறுக்கப்பட்டு, தேவையான இடங்களில் மட்டும் சிறு துண்டு எடுக்கப்பட்ட, கிட்டத்தட்ட முழு மூளை.

இரண்டு, பிளாக். நெற்றிப்பகுதி, பொட்டுப்பகுதி, நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ், நடுமூளை, மூளைத்தண்டு, சிறுமூளை என்று குறித்த இடங்களிலிருந்து தபால்தலை அளவில், 3 அல்லது 4 மி.மீ. கனத்தில் துண்டு எடுப்பார்கள். ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூட்டில் வைத்து, படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் நீரை எடுத்து, சைலீனில் ஆல்கஹாலை எடுத்து, சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருகிய பாரஃபின் மெழுகைத் திசுவுக்குள் ஊற விடுவார்கள். ஆறியதும் கிடைக்கும் மெழுகுக் கட்டிதான் பிளாக். ஒரு துண்டு சுமார் 2 கிராம். 22 பிளாக்கும் சேர்ந்து 45 கிராம் வரலாம், மூளையில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு.

மூன்று, ஸ்லைடு. பிளாக்கை மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்து ஒரு மி.மீ.-இல் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுவார்கள். அந்தச் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் போக்கி, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயமேற்றுவார்கள். பொதுவாக ஒரு சீவலுக்கு ஒரு வகைச் சாயமே ஏற்றுவார்கள். உங்கள் அப்பாவின் நோய்க்கு வழக்கமான சாயம் போதாது. டௌ, ஆல்ஃபா சைநியூக்ளின், பீட்டா அமிலாய்டு என்று ஒவ்வொரு புரதத்தையும் தேடத் தனித்தனி ஸ்லைடு வேண்டும். 22 பிளாக்கிலிருந்து 70 ஸ்லைடு வந்தது இதனால்தான். எல்லா ஸ்லைடிலும் இருக்கும் திசுவைக் கூட்டினாலும் கால் கிராம் தேறாது.

உறுப்பை வைத்திருப்பதும் பிளாக்கை வைத்திருப்பதும் எடையிலும் வேறு, காரணத்திலும் வேறு. ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் சம்மதம் கேட்க வேண்டும். என் கருத்தில், உங்கள் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அன்றைக்கே பார்த்து முடித்து மூளையை உடலோடு கொடுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் நேரடியாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் அன்றே எடை போட்டு, அறுத்துப் பார்த்து, சிறு துண்டுகள் எடுத்துக்கொண்டு உடலுக்குள்ளேயே திரும்ப வைத்துவிடுவது வழக்கம். மூளை அப்படி இல்லை. புதிதாக எடுத்த மூளை சரியாக உறையாத தயிர்போல் குழைந்து கிடக்கும். கத்தி வைத்தால் வெட்டு நேராக இருக்காது; இடமும் வலமும் ஒப்பிட முடியாது; நடுமூளை போன்ற சின்னப் பகுதிகள் நசுங்கிப் போகும். அதனால் 10 சதவீத ஃபார்மலினில் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஊறவைத்துக் கெட்டிப்படுத்துவார்கள்.

அத்தனை வாரம் எதற்கு என்றால், ஃபார்மலின் உள்ளே போகும் வேகம் அப்படி. வெளி அடுக்கில் முதல் மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு மி.மீ. நுழையும், பிறகு மந்தமாகிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். மூளையின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர நாள் கணக்காகும். வாளியின் அடியில் படிந்தால் ஒருபக்கம் தட்டையாகிவிடும் என்பதால், மூளையின் அடிப்புறம் ஓடும் ரத்தக் குழாயின் கீழே நூலைக் கோத்துத் தலைகீழாக மிதக்கத் தொங்கவிடுவார்கள். ஃபார்மலின் போதாமலோ சீக்கிரம் எடுத்துவிட்டாலோ நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவும் மெத்தென்றும் இருக்கும். அங்கே கிருமிகள் வாயு உண்டாக்கித் துளைத்துளையாகவும் ஆகிவிடலாம். அப்படி ஆன மூளையில் நோயைத் தேடுவது வீண் வேலை. மறுபக்கம், மாதக்கணக்கில் ஃபார்மலினில் கிடந்தாலும் கேடுதான். புரதங்களைத் தேடும் சாயங்கள் சரியாகப் பிடிக்காது. ஆக, நான்கு வாரம் வைத்திருந்தார்கள் என்றால் காரணம் இருக்கிறது. நான்கு வருடம் வைத்திருந்தார்கள் என்றால் நோயறிதலுக்கு அது தேவைப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் முகத்தைப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லையே என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்கலாம். ஒரு காதின் பின்னாலிருந்து உச்சி வழியாக மறு காதின் பின்புறம் வரை தலைத்தோலைக் கீறி, மண்டையோட்டின் மேற்பகுதியை அறுத்து எடுத்து, ஆய்வுக்குப் பின் அதே இடத்தில் பொருத்தித் தைத்துவிடுவார்கள். தையல் முடிக்குள் மறைந்துவிடும். நெற்றியோ முகமோ தொடப்படுவதில்லை. மறைக்க வேண்டும் என்று செய்வதல்ல. குடும்பம் முகம் பார்க்கும் என்பதால் எங்கும் அப்படித்தான் கீறுகிறார்கள்.

சரி, படிவத்துக்கு வருவோம்.

பிரேதப் பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. விபத்து, தற்கொலை, சந்தேகத்துக்குரிய சாவு, காரணமே தெரியாத திடீர்ச் சாவு போன்றவற்றில் சட்ட அதிகாரி உத்தரவிடுவது ஒன்று. அதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை, மறுக்கவும் முடியாது. அந்த அதிகாரியின் வேலை முடிந்த பிறகு திசுவை என்ன செய்வது என்பது மட்டும் பல நாடுகளில் குடும்பத்தைக் கேட்டு முடிவு செய்யப்படுகிறது. உங்கள் அப்பாவுக்கு நடந்தது இரண்டாவது வகை, நோயைத் தெரிந்துகொள்ள மருத்துவர் கேட்டு நடத்தும் மருத்துவமனைப் பரிசோதனை. இது முழுக்க முழுக்கச் சம்மதத்தின் மேல் நிற்பது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் பாருங்கள், வயிற்றைத் தொடாதீர்கள் என்று வரம்பு போட்டிருக்கலாம்.

வேறு இரண்டு வழிகளும் இருந்தன. மூளையைத் திரும்ப உடலில் வைக்கும்வரை எரியூட்டலைச் சில வாரம் தள்ளிவைப்பது ஒன்று. மூளையை அன்றே அறுத்து, இருபது முப்பது சிறு துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உடலோடு அனுப்புவது மற்றொன்று. இரண்டாவதில் வெட்டின் தரம் குறையும், ஆனாலும் பல நேரம் நோயின் பெயரையாவது சொல்லிவிட முடியும். இவை இரண்டையும், வைத்துக்கொள்வதையும் சேர்த்து மூன்று வழிகளாக எடுத்துச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். எரியூட்டல் மறுநாள் என்று தெரிந்தும், “மூளை அதற்குள் திரும்பி வராது” என்ற ஒரு வாக்கியத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றால், பரிசோதனை எவ்வளவு நேர்த்தியாக நடந்திருந்தாலும் சம்மதம் வாங்கியது சரியில்லை என்றுதான் சொல்வேன்.

காலியான மூன்று கட்டங்களைப் பற்றி. கீழே கையெழுத்து இருப்பதால் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று ஆகாது. நல்ல படிவத்தில் குறைந்தது இவ்வளவாவது தனித்தனியாக இருக்கும்: பரிசோதனை முழுமையா, குறிப்பிட்ட உறுப்புக்கு மட்டுமா, முழு உறுப்பு எதையாவது வைத்துக்கொள்ளலாமா, எத்தனை நாள், பிளாக்கும் ஸ்லைடும் மருத்துவப் பதிவின் பகுதியாக இருக்கலாமா, மரபணுச் சோதனை செய்யலாமா, மாணவர்களுக்குக் கற்பிக்கலாமா, ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா, கடைசியில் எப்படி அகற்றுவது. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டு கட்டம் இருக்கும். இரண்டுமே காலி என்றால் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்று பொருள். ஆராய்ச்சிக் கட்டம் காலியாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். இல்லாவிட்டால் இப்போது தொலைபேசியில் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டார்கள் என்பது ஒரு வகையில் அவர்கள் பக்கம் நல்ல அடையாளம்.

மூளையை வைத்துக்கொள்வதற்கான கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதை முழு நகல் வந்ததும் முதலில் பாருங்கள். அதுவும் காலி என்றால் மருத்துவமனை எழுத்தில் விளக்கம் தர வேண்டும். ‘ஆம்’ என்று இருந்தால், அண்ணன் சம்மதித்திருக்கிறார், ஆனால் புரியாமல். இதற்காக அவரை வீட்டில் யாரும் குறை சொல்ல வேண்டாம். இறந்து சில மணி நேரத்தில் கேட்டதைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். அதனால்தான் படிவத்தின் நகலை அப்போதே குடும்பத்திடம் கொடுப்பதும், மனம் மாறினால் எத்தனை மணிக்குள், யாரை அழைக்கலாம் என்று அதிலேயே எழுதுவதும் நல்ல நடைமுறை.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அம்மா உயிரோடு இருக்கும்போது அண்ணன் கையெழுத்திட்டிருக்கிறார். யாரிடம் கேட்பது என்பதற்குப் பல நாடுகளின் சட்டத்தில் வரிசை உண்டு. உதாரணமாக இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கான 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டத்தில், இறந்தவரே உயிரோடு இருந்தபோது சொன்ன முடிவுக்குத்தான் முதலிடம். அது இல்லையென்றால் அவர் நியமித்த பிரதிநிதி, அவருக்குப் பின் வாழ்க்கைத் துணை, பிறகு பெற்றோரும் பிள்ளைகளும், அதன் பின் உடன்பிறந்தவர்கள் என்று இறங்கும். சம்மதமில்லாமல் திசுவை வைத்திருந்தால் அங்கே மூன்று ஆண்டு வரை சிறை. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் என் பார்வையில், பக்கத்திலேயே இருந்த மனைவியைக் கேட்காமல் மகனிடம் வாங்கிய கையெழுத்து பலவீனமானது.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. லிவர்பூலின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில், முக்கியமாக 1988 முதல் 1995 வரை, இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குச் சொல்லாமலே எடுத்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 850 குழந்தைகளின் உடற்பகுதிகள் 2,000க்கும் மேற்பட்ட கலன்களில் இருந்தன. பெரும்பாலானவை ஆய்வு செய்யப்படவே இல்லை. விசாரணை அறிக்கை 2001 ஜனவரியில் வந்தது. அன்றைய பெற்றோர்களில் பலர் ‘திசு’ என்ற சொல்லைப் படிவத்தில் பார்த்துத்தான் கையெழுத்திட்டிருந்தார்கள். அதற்குள் முழு இதயமும் அடங்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? உறுப்புகள் தவணை தவணையாகத் திரும்பி வந்ததால் சில குடும்பங்கள் ஒரே குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை இறுதிச் சடங்கு செய்ய நேர்ந்தது. உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நடைமுறைப் பாடம் ஒன்று இருக்கிறது. எதையாவது திரும்ப வாங்குவதாக இருந்தால், எல்லா ஆய்வும் முடிந்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள். இன்று மூளை, மூன்று மாதம் கழித்து இன்னொரு பொட்டலம் என்று வேண்டவே வேண்டாம்.

மூளையின் மீதிக்கு மூன்று வழி. மருத்துவமனையே எரியூட்டவோ புதைக்கவோ விடலாம். நீங்கள் வாங்கிச் செய்யலாம். ஆராய்ச்சிக்கோ கற்பித்தலுக்கோ கொடுக்கலாம். முதலாவதைத் தேர்ந்தால், மற்ற மருத்துவக் கழிவிலிருந்து தனியாக, எந்த நாளில், எங்கே செய்வார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். சிலருக்கு அந்தத் தேதி தெரிந்தாலே போதுமாக இருக்கிறது. வீட்டிலேயே ஒரு விளக்கேற்றி அமர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாவதைத் தேர்ந்தால் சில விஷயங்களை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஏமாற்றமாக இருக்கும். உடலை எரித்தால் கிடைக்கும் சாம்பல் எலும்பின் தாதுக்கள்தான். மூளையில் முக்கால் பங்குக்கு மேல் நீர், மற்றது பெரும்பாலும் கொழுப்பும் புரதமும். அதைத் தனியாக எரித்தால் கையில் வாங்கிக்கொள்ளும்படி சாம்பல் அநேகமாக எதுவும் மிஞ்சாது. கரைக்கவோ, முன்பு எடுத்து வைத்த அஸ்தியோடு சேர்க்கவோ சாம்பல் வேண்டும் என்று அம்மா எதிர்பார்த்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அஸ்தி புதைக்கப்பட்ட இடம் இருந்தால், அதே இடத்தில் புதைப்பது பலருக்கு மனத்துக்கு ஏற்றதாக இருக்கிறது.

ஃபார்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும். அதில் உள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருப்பது. அதனால் வாளியோடு தரமாட்டார்கள். நீரில் நன்றாக அலசி, கசியாத இரட்டை உறையில் போட்டு, மூடி முத்திரையிட்ட பெட்டியில் தருவார்கள். இறுதிச் சடங்கு நடத்துபவர் மூலமாக வாங்குவதே நல்லது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேரே எரியூட்டும் இடத்துக்கோ அடக்கம் செய்யும் இடத்துக்கோ போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். பெயர், எண், உள்ளே இருப்பது என்ன என்ற மூன்றும் உள்ள மருத்துவமனைச் சான்று இல்லாமல் எரியூட்டும் இடத்தில் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு. ப்ரியான் என்ற புரதத்தால் வரும் அரிய மூளை நோயில் ஃபார்மலினில் ஊறிய பிறகும் தொற்றும் தன்மை போகாது. அப்போது திருப்பித் தருவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் இறந்துவிடுவார்கள், உங்கள் அப்பா இரண்டு வருடம் இருந்தார். ஆகவே நான் அதை எதிர்பார்க்கவில்லை. என்றாலும் வாங்குவதற்கு முன் “ப்ரியான் இல்லை என்று உறுதியானதா?” என்று கேட்டுவிடுங்கள்.

பிளாக்கைப் பற்றிச் சித்தப்பாவோடு நான் உடன்பட மாட்டேன். மூளையின் மீதியைத் திரும்பக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்பது உங்களுக்கே நஷ்டம். 3 மி.மீ. கனமுள்ள ஒரு பிளாக்கிலிருந்து கணக்குப்படி 600 சீவல் எடுக்கலாம். சமன் செய்வதில் வீணாவது போனாலும் சில நூறு மிஞ்சும். இன்று ஸ்லைடு பார்த்தவர் சொன்னதை இன்னொரு நிபுணர் மறுபடி பார்க்க வேண்டும் என்றாலும், பத்து வருடம் கழித்து உங்களுக்கோ அண்ணனுக்கோ நடை தடுமாறி, அப்போது வந்திருக்கும் புதிய சோதனையை அப்பாவின் திசுவில் செய்து பார்க்க வேண்டும் என்றாலும், அந்த மெழுகுக் கட்டிதான் ஆதாரம். எரித்துவிட்டால் போச்சு. ஸ்லைடு கண்ணாடி, பிளாக் மெழுகும் பிளாஸ்டிக்கும். இவற்றை ஏற்க மறுக்கும் எரியூட்டும் இடங்களும் உண்டு. மருத்துவப் பதிவின் பகுதியாக அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சம்மதித்து எழுதிக் கொடுங்கள்.

பரம்பரையாக வருமா என்பதற்கு பிளாக் மட்டும் போதாது. ஃபார்மலின் மரபணு இழையைத் துண்டுதுண்டாக்கிவிடும். சில சோதனைகள் அதில் நடக்கும், பல நடக்காது. அதற்கு உறையவைத்த திசுவோ ரத்தமோ வேண்டும். பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மைனஸ் 80 டிகிரி பெட்டியில் ஒரு சிறு துண்டு இருந்தால் அதை அகற்றச் சொல்லிவிடாதீர்கள். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். நடைத் தடுமாற்றமும் மறதியும் சேர்ந்து வரும் நோய்களில் பெரும்பாலானவை பிள்ளைகளுக்கு வருவதில்லை. எந்த வகை என்று இறுதி அறிக்கை சொன்ன பிறகு, உங்கள் ரத்தத்தில் சோதனை தேவையா என்பதை மரபணு ஆலோசகர் சொல்வார். அதற்கு முன் யாரும் தனியாகப் போய் ரத்தம் கொடுக்க வேண்டாம்.

ஆராய்ச்சிக்குச் சம்மதமா என்பது மீதி எல்லாவற்றையும்விட எளிய கேள்வி, ஏனென்றால் ‘இல்லை’ என்றால் எந்தக் குறையும் வராது. நோயறிதல் அறிக்கை நிற்காது, தாமதமாகாது. ‘ஆம்’ என்பதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்: பெயரை நீக்கிவிட்டுத்தான் கொடுப்பார்களா? தனியார் மருந்து நிறுவனங்களுக்கும் போகுமா? வெளிநாட்டுக்குப் போகுமா? மனம் மாறினால் எதுவரை திரும்பப் பெறலாம்? சித்தப்பாவின் பயத்துக்குப் பதில் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. சில படிவங்களில் இதற்குத் தனிக் கட்டமே உண்டு. இல்லாவிட்டால் “நிறுவனங்களுக்குக் கூடாது” என்று கையால் எழுதிக் கையெழுத்திடலாம். ஏற்கெனவே நடந்துவிட்ட ஆய்விலிருந்து திசுவைப் பின்வாங்க முடியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் உரிமையில் அவர்தான் முதல் ஆள். நீங்கள் மறைத்தாலும் மருத்துவமனையின் அடுத்த கடிதமோ அழைப்போ அவர் கையில் போய் நிற்கலாம். ஆனால் ‘மூளை’ என்ற சொல்லில் பேச்சைத் தொடங்காதீர்கள். நோயில் தொடங்குங்கள். “அப்பாவுக்கு என்ன நோய்னு ஆஸ்பத்திரில பாத்திருக்காங்கம்மா. அதப் பாக்க சில வாரம் தலைக்குள்ள இருந்தத எடுத்து வெச்சுப் பாக்க வேண்டியிருந்துச்சு. அண்ணனுக்கு அன்னைக்கு அது சரியாப் புரியல, அவங்களும் சரியாச் சொல்லல. இப்ப அத எப்படி அனுப்பி வைக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்.” இந்த அளவு போதும். அழுதால் அழட்டும், உடனே சமாதானம் சொல்ல வேண்டாம். வாளி, வில்லை, எடை பற்றியெல்லாம் அவராகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அப்பாவைக் குறையோடு அனுப்பிவிட்டோமே என்று அவர் சொன்னால், இறுதிக் காரியம் இன்னும் முடியவில்லை, அதை எப்படி முடிப்பது என்பது அவர் கையில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். அது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல, உண்மையும் அதுதான்.

கடைசியாக, அறிக்கை. உங்களுக்கு ஏற்கெனவே ஒன்று வந்திருந்தால் அது முதல் நாள் கண்ணால் பார்த்ததன் அறிக்கையாக இருக்கும். மூளையின் ஸ்லைடு முடிவுகளைச் சேர்த்துக் கையெழுத்தாகும் இறுதி அறிக்கை வேறு. “ஆய்வு முடிந்தது” என்று தொலைபேசியில் சொன்னது வில்லை போட்டது முடிந்ததையா, எல்லாச் சாயமும் பார்த்து முடிந்ததையா என்று கேளுங்கள். இரண்டாவது முடியாமல் மூளையின் மீதியை அனுப்பிவிட்டால், இன்னொரு இடத்திலிருந்து துண்டு தேவைப்படும்போது எடுக்க வழியிருக்காது. இறுதி அறிக்கை வந்ததும் நரம்பியல் மருத்துவரோடும் பரிசோதித்த நோய்க்குறியியல் மருத்துவரோடும் நேரில் உட்காரக் கேளுங்கள். முடியாதென்றால் நரம்பியல் மருத்துவராவது இருக்க வேண்டும். அம்மாவையும் அழைத்துப் போங்கள். முதலில் வந்தது விழுவதா, மறதியா, பேச்சுக் குழறலா, கண்ணைக் கீழே இறக்கிப் படிக்கட்டைப் பார்க்க எப்போதிலிருந்து சிரமப்பட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் வரிசையாக நினைவிருக்கும். ஸ்லைடில் தெரிவதை அந்த வரிசையோடு பொருத்திப் பார்த்துத்தான் நோயின் பெயரை உறுதியாகச் சொல்வார்கள்.